ஏழடி நாலு அங்குலம்

யூலை 28, திங்கள்

ரீவி வந்து சேர்ந்தது. அறுபத்தைந்து அங்குலம். வாசல் படலைக்குள்ளால் நேராகக் கொண்டுவர முடியவில்லை. சரித்துப் பிடித்து, என் செவ்வரத்தையில் ஒரு கிளையையும் முறித்துக்கொண்டு வந்தார்கள். "பரவாயில்லைத் தம்பி" என்றேன். கிளை குறுக்கே நின்றதற்கு நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்காததுதான் மிச்சம்.

மகள் கஜந்தினி ஒஸ்லோவிலிருந்தே காசு கட்டி, ரவுணில் உள்ள கடையால் அனுப்புவித்திருக்கிறாள். அடுத்த மாதம் முப்பத்தோராம் திகதி அவளுக்கு அங்கே கலியாணம். எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் இருவருக்கும் விசா கிடைக்கவில்லை. திரும்பி வருவோம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். எழுபத்துமூன்று வயதில் நான் ஒஸ்லோவில் ஒளித்துநின்று கோப்பை கழுவப் போகிறேன் என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். என்னிடம் அவ்வளவு துணிச்சல் இருப்பதாக இதுவரை உலகில் எவரும் நம்பியதில்லை. ஒரு வகையில் மரியாதைதான்.

ஆகவே கலியாணத்தை நேரலையாக எங்கள் ஹோலில் பார்க்கப் போகிறோம். அங்கே காலை பத்தரைக்கு முகூர்த்தம். இங்கே பிற்பகல் இரண்டு மணி.

மனைவி ஞானாம்பிகை வந்து பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "உதுக்குள்ளை வைச்சுப் பாக்கவோ நான் பெத்தனான்? நான் பாக்கமாட்டன்" என்றாள். குசினிக்குள் போய்விட்டாள்.

நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவன் நான். மனம் சரியில்லாவிட்டால் எதையாவது அளக்கத் தொடங்கிவிடுவேன். இனி இந்தக் கொப்பியில் எழுதப்போவது, ஒழுங்குமுறையாக:

1. திரைக்கும் கதிரைக்கும் இடையில் சரியான தூரம் எவ்வளவு.
2. திரையை எந்த உயரத்தில் மாட்டுவது.
3. பிற்பகலில் யன்னல் வெளிச்சத்தை என்ன செய்வது.
4. சரியான தூரத்துக்கு உட்பட்ட இடம். அங்கே போனால் ஒன்றும் தெரியாது. ஆகவே அங்கே ஒருவரும் போகக்கூடாது.
5. ஞானாம்பிகையை அந்தச் சரியான தூரத்தில் இருத்துவது எப்படி.

ஐந்தாவதற்கு வழி தெரியவில்லை. முதல் நாலும் சரியாக அமைந்தால் அது தானாக அமையும் என்று நினைக்கிறேன். நினைப்பதில் எனக்குக் குறைவில்லை.

யூலை 29, செவ்வாய்

நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. இனி இருபத்தைந்து நாள் விரதம், வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை.

கையேட்டை மூன்று தரம் வாசித்தேன். பன்னிரண்டு மொழிகளில் இருக்கிறது. நமது இல்லை. திரையின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் எட்டடி ஒன்றரை அங்குலம். பக்கத்து வீட்டு ஜெசிதா இணையத்தில் பார்த்து அச்செடுத்துத் தந்த தாளோ, ஒன்று தசம் இரண்டு மடங்கு போதும் என்கிறது. ஆறரை அடி.

இரண்டு பெரியவர்கள் முரண்பட்டால் நடுவில் நிற்பது என் வாழ்நாள் கொள்கை. கூட்டி இரண்டால் பிரித்தேன். ஏழடி நாலு அங்குலம். (சரியாகச் சொன்னால் அதில் கால் அங்குலம் குறைவு. இந்த ஒரு முறை பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.)

ஹோலின் படத்தை ஒன்றுக்கு இருபது அளவில் வரைந்தேன். வடக்கு அம்புக்குறியும் போட்டேன். சொந்த வீட்டு ஹோலில் வடக்கு எது என்று யாருக்குத் தெரியாமல் இருக்கிறது?

யூலை 31, வியாழன்

திரை மாட்ட வந்தார்கள். நான் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். கதிரையில் இருக்கும் ஆளின் கண்மட்டம் திரையின் நடுவுக்கு வரவேண்டும். வந்தவர் என் குறிப்பைப் பார்த்தார். "ஐயா, இவ்வளவு பதிவாவோ? ஒருத்தரும் இப்பிடி வைக்கிறேல்லை. மேலை ஏத்தினாத்தான் வடிவு" என்றார்.

அந்த நேரம் ஞானத்தின் தம்பி கனகசபாபதி சுன்னாகத்திலிருந்து வாழைக்குலையோடு வந்து சேர்ந்தான். சந்தையில் வெங்காயம் மொத்தமாக விற்றவன். அவன் குரலுக்கு மூன்று கடைக்கு அப்பாலும் விலை படியும்.

"ஏத்து தம்பி, ஏத்து! கலியாண மண்டபத்திலை நிலத்திலையோ வைக்கிறவை?"

ஏற்றிவிட்டார்கள். நான் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் 2, சனி

கழுத்து நோ.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

கழுத்து நோ. செய்தி வாசிப்பவரின் மூக்குத் துவாரத்தைத் தவிர வேறு ஒன்றும் மனதில் பதியவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

ஜெசிதா வேலைக்குப் போகமுன் எட்டிப் பார்த்தாள். வங்கியில் வேலை. ஆட்களோடு கதைத்துப் பழகிய பிள்ளை. "அங்கிள், ஏன் ஒரு பக்கமா நடக்கிறியள்?" காரணத்தைச் சொன்னேன். "உங்கடை சுவர் தானே? இறக்கச் சொல்லுறதுக்கென்ன?" என்று ஃபோனை எடுத்தாள். அவர்கள் பின்னேரமே வந்து இறக்கிவிட்டார்கள். முப்பது விநாடிப் பேச்சு. அதை நான் ஐந்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே நாலு ஓட்டை மிச்சம். கலண்டர் தொங்கவிட்டு மறைத்தேன்.

இரண்டாவது குறிப்பு முடிந்தது.

ஓகஸ்ட் 8, வெள்ளி

திரையிலிருந்து ஏழடி நாலு அங்குலத்தில் நிலத்தில் சோக்கால் ஒரு கோடு கீறினேன். நடுவில் ஒரு கதிரை. அது ஞானத்துக்கு. கோட்டுக்குப் பின்னால்தான் மற்றவர்கள். ஹோல் மொத்தம் பன்னிரண்டடி. ஆகவே வரப்போகும் பதினாறு பேரில் இருவர் வசதியாகவும், ஆறுபேர் முழங்கால் முட்டவும் இருக்கலாம். மிச்சப் பேர் விறாந்தையில் நின்று யன்னலால் பார்க்க வேண்டும். கணக்குச் சரி. வீடுதான் பிழை.

ஓகஸ்ட் 9, சனி

ஞானம் காலமை நிலம் துடைத்தாள். கோடு இல்லை. திரும்பக் கீறினேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

துடைத்தாள். கீறினேன்.

ஓகஸ்ட் 11, திங்கள்

இன்றைக்கும் துடைத்திருந்தாள். அவள் முன்பு கிழமைக்கு இரண்டு முறைதான் நிலம் துடைப்பவள்.

ஜெசிதாவிடம் கறுப்பு ரேப் வாங்கி ஒட்டினேன். வயருக்குச் சுற்றுகிறது. துணியால் போகாது. தந்திரசாலிதான் நான்.

ஓகஸ்ட் 14, வியாழன்

கனகசபாபதி வந்தான். ரேப்பைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உதென்ன அத்தான் கோடு? எல்லைப் பிரச்சினையோ? பக்கத்துக் காணிக்காரனோ, ரீவிக்காரனோ?"

விளக்கினேன். மூலைவிட்டம் என்ற சொல் வந்ததும் அவன் முகத்தில் கொட்டாவி எழுந்தது.

"அப்ப கிட்டப் போனா?"

"ஒண்டும் தெரியாது. புள்ளி புள்ளியாத்தான் இருக்கும்."

"அக்கா!" என்று குசினிப் பக்கம் கத்தினான். "அத்தான் உனக்குச் சிம்மாசனம் போட்டு, அதுக்கு வேலியும் அடைச்சு வைச்சிருக்கிறார். வந்து இருந்து பாரன்!"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கொஞ்சம் வேகமானது.

ஓகஸ்ட் 16, சனி

இன்றைக்கு நேராகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருக்க வேண்டும். தெரியவில்லை.

"ஞானம், நீர் ஒருக்கா வந்து இரும். உமக்கெண்டுதான் அளந்தனான்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆரோ நிண்டு என்ரை பிள்ளைக்குத் தாரை வார்க்க, நான் கதிரையிலை இருந்து பாக்கிறதோ? படம் பாக்கிற மாதிரியோ?"

"ஆரோ இல்லை. உம்மடை சித்தியின்ரை மகள்தானே" என்றேன்.

இதைவிடச் சரியான பதிலும் இல்லை. இதைவிட உதவாத பதிலும் இல்லை. அவள் கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பெண்ணின் கையைத் தகப்பன் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க, தாய் செம்பால் தண்ணீர் வார்க்க வேண்டும். தாய் தகப்பன் செய்கிற வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஐயரும் போட்டோக்காரரும் பார்த்துக்கொள்வார்கள். ஒஸ்லோவில் எங்களுக்குப் பதிலாக ஞானத்தின் சித்தி மகளும் அவளுடைய கணவரும் நிற்கிறார்கள். நல்ல மனிதர்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

எனக்கு மட்டும் கவலை இல்லையோ? நானும்தானே தகப்பன். எனக்கு மட்டும் கையில்லையோ? நான் என்ன செய்யிறது, எனக்குத் தெரிஞ்சது அளக்கிறதுதான். அழத் தெரிஞ்சா அழுதிருப்பன்.

மேலே எழுதியதை வெட்டலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன். கொப்பி வடிவாயிராது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு மணிக்குக் கஜந்தினியுடன் ஒத்திகை. ஜெசிதா தன் ஃபோனை ரீவியோடு பொருத்தினாள். படம் வந்தது. திரையில் பிள்ளையைக் காணவில்லை. நானும் என் பெனியனும் மேற்கு யன்னலும் மிகத் தெளிவாகத் தெரிந்தோம். வெயில் நேரே திரையில் விழுகிறது. நீலப் படுக்கைவிரிப்பை யன்னலில் கட்டியதும் பிள்ளை தெரிந்தாள். ஹோல் அடுப்புப் போல ஆகியது. மூன்றாவது குறிப்புக்கு இவ்வளவுதான் விடை: வேர்க்கட்டும்.

"அப்பா, அம்மா எங்கை?"

"குசினியிலை பிள்ளை."

"அண்டைக்கும் குசினியிலைதானோ?"

திரை அறுபத்தைந்து அங்குலம். முகத்தில் ஓடுவது எதுவும் ஒளிக்க இடமில்லை. சின்னத் திரை போதும் என்று முதலே சொல்லியிருக்க வேண்டும்.

"வருவா" என்றேன். என்ன ஆதாரத்தில் சொன்னேன்?

ஓகஸ்ட் 23, சனி

விரதம் முடிந்தது. இன்றைக்குக் கணவாய்க் கறி. வேறு விசேடம் இல்லை. கதிரை அப்படியே இருக்கிறது. அதில் தூசு தட்டுவதும் நான்தான்.

ஓகஸ்ட் 30, சனி

சனசமூக நிலையத்திலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகள் வந்தன. ஜெசிதா கரண்ட் போனாலும் ஓடும்படி தங்கள் பற்றரியை இங்கே இழுத்து வைத்திருக்கிறாள். வாசலுக்கு நிறைகுடம் வைக்க எல்லாம் எடுத்தாயிற்று. ஞானத்தின் கதிரையில் புதுத் துவாய் மடித்துப் போட்டேன், வேறு ஆள் இருக்காதபடி.

பின்னேரம் ஞானம் கிணற்றடியில் இருந்து புளி போட்டு ஒரு செம்பை மினுக்கிக்கொண்டிருந்தாள். நிறைகுடத்துக்கு வேறு செம்பு இருக்கிறதே என்று சொல்ல வாய் வந்தது. சித்தி மகள் விஷயத்தில் பட்டது போதும் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

கலியாணம் நடந்தது. இன்றைக்கு எழுத ஏலாது. சேட்டுக் கை இன்னும் ஈரம்.

செப்ரெம்பர் 1, திங்கள்

நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்றரைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். கனகசபாபதி நேராகப் போய் நடுக் கதிரைத் துவாயை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு அதிலேயே இருந்துவிட்டான். "அது அக்காவுக்கு" என்று சொல்லத்தான் போனேன். "வடிவாத் தெரியுது அத்தான், கெட்டிக்காரன்!" என்றான். பாராட்டியவனை எப்படி எழுப்புவது? எல்லாருக்கும் கையில் வாழ்த்தித் தூவ அறுகரிசி கொடுத்தேன். திரையில் எறியக்கூடாது, கையேட்டில் அதற்கு இடமில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். எல்லாரும் ஓம் என்றார்கள்.

ஞானம் புதுச் சீலை உடுத்தியிருந்தாள். ஆனால் குசினியில். பாயசம் அடிப்பிடித்துவிடுமாம். அது இறக்கி அரை மணித்தியாலம்.

நேரலை தொடங்கியது. ஏழடி நாலு அங்குலத்திலிருந்து, கண்மட்டத்தில், ஒரு துளி வெளிச்சக் கூச்சமும் இல்லாமல், ஒரு நீலச் சேட்டின் முதுகைப் பார்த்தோம். போட்டோக்காரர். முதுகுத் தையலில் ஒரு நூல் விட்டிருந்தது. அதுகூடத் தெரிந்தது. ஒரு மாத உழைப்பு.

"முதுகுக்குத் தாலி கட்டப் போறாங்களோ?" என்றான் கனகசபாபதி.

நீலச் சேட்டு ஒருவாறு விலகியது. பிள்ளை தெரிந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை பிரணவன், வேர்த்துப்போய். ஐயர் பெண்ணின் வம்சம் சொல்லத் தொடங்கினார். என் அப்பாவின் அப்பா பெயர், அப்பாவின் பெயர், பிறகு நமசிவாயம் என்று என் பெயர். வடமொழி விகுதி கட்டிக்கொண்டு, பெரிய ஆள் மாதிரி, ஒலிபெருக்கியால் வந்தது. சித்தி மகளும் கணவரும் எழுந்து முன்னால் வந்தார்கள்.

குசினிக் கதவு திறந்தது.

ஞானம் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருந்தாள். கதிரைகளுக்கு நடுவால் வந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. ரேப்பைத் தாண்டினாள். திரைக்கு முன்னால் ஒரு முழத்தில் போய் நின்றாள். பின்னால் இருந்த பதினாறு பேருக்கும் இப்போது அவளுடைய கொண்டையும் சீலைக் கரையும்தான் தெரிந்திருக்கும். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள்.

என் கால் கோட்டைத் தாண்டியது எனக்குத் தெரியாது. நான் ஒட்டிய கோடு. போய்ப் பக்கத்தில் நின்று கையை நீட்டினேன். திரையில் அவர்களுடைய கைகள் இருந்த இடத்துக்கு நேரே. அங்கே தண்ணீர் வார்த்த அதே நேரம் இவள் என் கையில் வார்த்தாள். குளிர்ந்த தண்ணீர். கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் மணிக்கட்டால் ஓடிச் சேட்டுக் கைக்குள் போய், மிச்சம் நிலத்தில் விழுந்து, மெல்ல வயர்ப் பக்கம் நகர்ந்தது.

"அங்கிள், வயர்! வயர்!" ஜெசிதா பாய்ந்து பற்றரியைத் தூக்கினாள்.

"அத்தான், மறைக்குது! ஒரு பக்கமாத் தள்ளி நில்லுங்கோ!" கனகசபாபதி.

"மறைக்கட்டும்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆரோ புது ஆள் கதைத்த மாதிரி எனக்கே இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. செம்பு வெறுமையாகும் வரை கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

பிள்ளை கூறைச் சீலை மாற்றப் போன நேரத்தில் ஜெசிதா நிலத்தைத் துடைத்தாள். கனகசபாபதி வந்தான். ஏச வருகிறான் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துவாயை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டான். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் முன்பு கண்டதில்லை.

தாலி கட்டும்போது ஒருவரும் கதிரையில் இல்லை. எல்லாரும் மணவறையைச் சூழ்வதுபோல ரீவியைச் சூழ்ந்து நின்றார்கள். கெட்டிமேளம் கேட்டதும் பதினாறு பேரும் அறுகரிசி எறிந்தார்கள். நேரே திரையில். ஓம் என்று சொன்ன அதே பதினாறு பேர். நானும் எறிந்தேன்.

பின்னேரம் கஜந்தினி ஃபோனில் வந்தாள். முதல் கேள்வி: "அம்மா பாத்தவவோ?"

"பாக்கேல்லைப் பிள்ளை" என்றேன். "தண்ணி வாத்தவ. நான் கை பிடிச்சனான்."

இணைப்பு அறுந்துவிட்டதென்று ஹலோ ஹலோ என்றேன். அறுந்திருக்கவில்லை.

செப்ரெம்பர் 3, புதன்

சின்னத் தூரிகையால் ரீவியின் அடிச்சட்டத்திலிருந்து அறுகரிசி எடுத்தேன். காற்றோட்டத் துவாரத்துக்குள் போனதை எடுக்க முடியவில்லை. திரையில் கீறல் இல்லை. உத்தரவாதப் பத்திரத்தில் அறுகரிசி பற்றி ஒன்றும் இல்லை. கடைக்காரரிடம் கேட்கப் போவதுமில்லை.

ஞானம் கோயிலுக்குப் போனபின் கலியாணப் பதிவைப் போட்டேன். ஏழடி நாலு அங்குலத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் துல்லியம். தாரை வார்க்கும்போது பிள்ளை உதட்டைக் கடிக்கிறாள். நேரில் நின்றும் அன்றைக்கு அதைக் காணவில்லை. பிறகு எழுந்துபோய் ஒரு முழத்தில் நின்றேன். நான் சொன்னதேதான். புள்ளிகள். கை எது, தண்ணீர் எது, ஒன்றும் தெரியாது. என் கணக்கு சரி.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

கஜந்தினி ரீவியில் வந்தாள். ஞானம் குசினியிலிருந்து பலகையைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் போட்டு இருந்துவிட்டாள். மூக்கு முட்டாத குறை.

நான் என் கதிரையில். சரியான தூரத்தில்.

"கண்ணுக்குக் கூடாது ஞானம். அவ்வளவு கிட்ட இருந்தா உமக்கு என்ன தெரியும்?"

"நீங்கள் அங்கை இருந்து வடிவாப் பாருங்கோ" என்றாள், திரும்பாமலே. "பாத்துச் சொல்லுங்கோ, பிள்ளை மெலிஞ்சிட்டாளோ எண்டு."

பார்த்தேன். மெலியவில்லை என்று சொன்னேன். பிரணவன் கொஞ்சம் மெலிந்திருந்தான். அதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுடைய தலைக்கு மேலால் பிள்ளையும் சிரித்தாள்.

பிறகு ரேப்பை உரித்தெடுத்தேன். நிலத்தில் பசை ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும்.

முதல் நாள் எழுதிய நாலாவது குறிப்பை இன்றைக்குத் திரும்ப வாசித்தேன். அங்கே போனால் ஒன்றும் தெரியாது என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன், சரி. அதற்கு அடுத்து 'ஆகவே அங்கே ஒருவரும் போகக்கூடாது' என்று எழுதியிருக்கிறேன். அந்த 'ஆகவே' பிழை.